ரஹீம் சாஹிப்பின் இடது கால் ஆட்டம்: 1962 தங்கமும் அதற்கு முந்தைய நாட்களும்

#1 மைதானத்துக்காரன்

ஆசிய விளையாட்டுப் போட்டி வரும் ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் ஒரு வரி தவறாமல் வரும்: "கால்பந்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது 1962, ஜகார்த்தா." கூடவே சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயர் வரும். அந்த அணியைக் கட்டியவர் பெயர் பல சமயம் வராது. வந்தாலும் கடைசி வரியில் "பயிற்சியாளர் ரஹீம்" என்று முடிந்துவிடும்.

சையத் அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலையில் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். காச்சிகுடா, சாதர்காட் என்று அந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். அப்புறம் உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கினார். பிறகு ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்குத்தான். பம்பாயில் நடந்த போட்டி, கல்கத்தா அணிகளெல்லாம் வந்து ஆடிய போட்டி. வருடா வருடம் இவர்கள் ரயிலேறிப் போய்க் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

இந்திய அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 1951 டெல்லியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். அந்தத் தங்கம் வாங்கி ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ம் தேதி, புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 53.

பயிற்சியாளர்களை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்று பேசத்தான் இந்த இழை. பதக்கக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது, பதக்கம் இல்லாத சாதாரண நாட்களில் இவர் என்ன செய்தார் என்பது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 அம்முகூடா வாசி

நான் எழுதாவிட்டால் யார் எழுதுவது! எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில். கன்டோன்மென்டுக்குப் பட்டாளத்தோடு ஒட்டி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதும். அம்முகூடா அந்த மாதிரிப் பட்டாளக் கிராமம்தான்.

துளசிதாஸ் பலராம் எங்கள் ஊர்க்காரர். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இது வெளியே நிறையப் பேருக்குத் தெரியாது. கல்கத்தாவில் ஆடிப் புகழ் பெற்றதால் வங்காளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

ரஹீம் சாஹிப் அவரைக் கண்டெடுத்த கதையைத் தாத்தா சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்துக்கு வந்து பயிற்சி எடு என்று சொல்லியிருக்கிறார். பையன் முடியாது என்றான். காரணம் ரொம்பச் சின்னது: போக வரக் காசில்லை. செகந்தராபாத்தின் இந்தக் கோடியிலிருந்து ஹைதராபாத் மைதானம் வரை தினமும் வந்து போவதென்றால் வீட்டில் யார் கொடுப்பார்கள்? ரஹீம் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். அவ்வளவுதான். அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் 1956-ல் மெல்போர்னும் இல்லை, 1960-ல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராக அடித்த கோலும் இல்லை.

தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது கடைசியில் பலராமைப் பாராட்ட மாட்டார். "வாத்தியார் காரணம் கேட்டாரு பாத்தியா" என்பார். வரமுடியாது என்று சொன்ன பையனிடம் ஏன் என்று கேட்ட மனிதர். அதுதான் தாத்தாவுக்குப் பெரிதாகப் பட்டது.

#3 வியாசை கோச்

அருமையான இழை ஐயா. நான் வடசென்னையில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பள வேலை வேறு. காலையில் இரண்டு மணி நேரம் இது.

ரஹீம் செய்த ஒரு காரியத்தைப் படித்து நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஹைதராபாத்தில் அவர் விதவிதமான போட்டிகள் நடத்தியிருக்கிறார். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டி. பந்தை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது, வந்த பந்தை உடனே பாஸ் செய்தாக வேண்டும் என்று ஒரு போட்டி. குள்ளமான பையன்களுக்கு மட்டும் ஒரு போட்டி. யோசித்துப் பாருங்கள், அப்போது ஊர் ஊராக ஜனங்கள் கைதட்டியது டிரிபிளிங்குக்குத்தான். நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் போகிறவன்தான் ஹீரோ. அந்தக் காலத்தில் டிரிபிளிங்கைத் தடை செய்து ஒரு டோர்னமென்ட் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

போன வருடம் எங்கள் கிரவுண்டில் இடது கால் மேட்ச் ஆரம்பித்தேன். வலது கணுக்காலில் ஒரு சிவப்புத் துணி. துணி கட்டிய காலில் பந்து பட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். முதல் நாள் பார்க்கவே பாவமாக இருந்தது. எங்கள் அணியிலேயே நல்ல ஃபார்வர்ட், பதின்மூன்று வயது, காலியான கோலுக்கு முன்னால் நிற்கிறான். பந்து மெதுவாக உருண்டு வருகிறது. வலது கால் தானாக முன்னே போகிறது, துணி ஞாபகம் வந்து நிறுத்துகிறான், இடது காலைத் தூக்குகிறான், காற்றை உதைத்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். கேட்டால், வீட்டுப் பின்னால் சுவரில் இடது காலால் பந்தடித்துக்கொண்டிருந்தானாம். அவன் அம்மா சொன்னார்கள், சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது என்று.

#4 கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் நிதானமாகவும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரஹீமைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

ஒன்று, 1962 ஜகார்த்தாவில் தைவான் வரவில்லை. இந்தோனேசிய அரசு தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் விசா கொடுக்கவில்லை. 1954, 1958 இரண்டு முறையும் கால்பந்துத் தங்கம் தைவானுடையது. இரண்டு முறை சாம்பியன் இல்லாத போட்டியில் வென்ற தங்கம் இது. அப்புறம், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும் இவர் காலத்தில்தான். வெறுங்காலோடு ஆடப் போய்க் குளிரில் விறைத்த கதை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

#5 மைதானத்துக்காரன்

கணக்குப்பிள்ளை சொன்ன இரண்டும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்கும் வேண்டும்.

ஜகார்த்தா இறுதிப்போட்டியில் எதிரே நின்றது தென் கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பையும் அவர்களுடையது. இதே தொடரின் முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று அடித்தவர்களும் அவர்களே. அதற்கப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று மறுபடி அதே கொரியாவுக்கு முன்னால் போய் நின்று 2-1 என்று ஜெயித்தார்கள். ஒரே தொடரில் முதலில் தோற்ற அணியைக் கடைசியில் தோற்கடிக்க வேண்டுமென்றால் நடுவில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் இல்லையா?

ஹெல்சின்கி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது, அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. நாலு வருடத்தில் அதே நாடு மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் அடித்தது இந்தியா! அதுவும் நெவில்தான். அப்புறம் 4-1 என்று போனது வேறு விஷயம். 10-1 எங்கே, முதல் கோல் நம்முடையது என்பது எங்கே.

#6 கணக்குப்பிள்ளை

கொரியாவின் ஆசியக் கோப்பைகள் என் கவனத்தில் இல்லை. சரி, அந்தத் தங்கத்தின் எடையைக் குறைத்துப் பேசியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அந்த யூகோஸ்லாவியா அரையிறுதியைப் பற்றி இன்னொன்று. நெவில் கோல் அடித்தது இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில். அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். அப்போது இந்திய உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடம்தான். உலகம் 90 நிமிடம் ஆடியது. வருடம் முழுவதும் 70 நிமிடம் ஆடிப் பழகிய உடம்பை ஒலிம்பிக்கில் மட்டும் 90 நிமிடம் ஓடு என்றால் எப்படி ஓடும்? எந்தப் பயிற்சியாளராலும் முகாம் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் சரி செய்ய முடியாத குறை அது. 70 நிமிட ஆட்டம் 1970-கள் வரை தொடர்ந்தது. ரஹீம் போன பிறகு நாம் இறங்கியதற்கு அவர் இல்லாதது மட்டும் காரணமில்லை என்பதே என் வாதம்.

#7 வெலிங்டன் பேரன்

இரண்டு பேரும் சொல்வதைப் படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் அந்தக் கதையில் இருக்கிறார். பீட்டர் தங்கராஜ்.

என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ஹவில்தார். வெலிங்டன், நீலகிரி. தங்கராஜும் அங்கே சேர்ந்தவர்தான், 1953-ல். அவரும் செகந்தராபாத்துத் தமிழர், அம்முகூடா வாசி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். ஆறடி மூன்று அங்குலம். அப்புறம்தான் கோலுக்குள் போனார். எம்.ஆர்.சி. அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தாத்தா அவர் கைகளைப் பற்றித்தான் பேசுவார். "ஒத்தக் கையில பந்தப் புடிச்சு அப்படியே நடுக்கோட்டத் தாண்டி வீசுவான்டா" என்று, சொல்லும்போதே நாற்காலியிலிருந்து எழுந்து கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டுவார். எண்பது வயதில். அம்மா ஓடி வந்து பிடித்துக்கொள்வார்கள்.

ஜகார்த்தா அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதிப்போட்டிக்கு ரஹீம் தங்கராஜைக் கொண்டுவந்தார். ஜெயித்துக்கொண்டு வரும் அணியில் கோல்கீப்பரை மாற்றுவது லேசுப்பட்ட முடிவில்லை. தோற்றிருந்தால் ஊரே அவரைத்தான் ஏசியிருக்கும். கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள், அதற்கு உயரமான ஆள் வேண்டும் என்பது கணக்கு. கடைசி அஞ்சு நிமிடம் இருக்கும்போதுதான் கொரியாவால் ஒரே ஒரு கோல் போட முடிந்தது.

#8 மருத்துவர் மலர்

இழை அருமை. ஆனால் அந்த 1962 அணியின் டிஃபன்டர் ஜர்னைல் சிங் கதைக்கு வரப்போகிறீர்கள் என்று தெரிகிறது, அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

தாய்லாந்து ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். டிஃபன்ஸில் நிற்க முடியாத நிலை. ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். எல்லாரும் இதை வீரக் கதையாகச் சொல்கிறோம். நான் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள். தலையில் தையலோடு ஒருவரை மைதானத்தில் இறக்கியது எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தக் கதையை அப்படியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தலையில் அடிபட்ட பிள்ளை மறுநாள் "ஜர்னைல் சிங் ஆடினாரே" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

#9 மைதானத்துக்காரன்

மலர் அம்மா, நீங்கள் சொன்னது நியாயம். நான் அந்தக் கதையை நாற்பது வருடமாகப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் நடு ஆட்டத்தில் மாற்று ஆளை இறக்கும் வழக்கம் கிடையாது. மூளை அதிர்ச்சி பற்றி இன்று தெரிந்ததில் பாதிகூட அன்று தெரியாது. இது காரணம், சமாதானம் இல்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு ஒன்று. ஜர்னைல் கல்லூரி நாட்களில் ஃபார்வர்டாக ஆடியவர். அப்புறம் ஆசியாவின் பெரிய டிஃபன்டர் ஆகிவிட்டதால் அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ரஹீம் மறக்கவில்லை. தன் ஆட்டக்காரன் பத்து வருடம் முன்னால் எந்த இடத்தில் ஆடினான் என்பதுவரை ஞாபகம் வைத்திருந்த மனிதர். வாத்தியார் இல்லையா!

#10 வியாசை கோச்

டாக்டர் அம்மா, எங்கள் கிரவுண்டில் தலையில் பந்து பட்டு ஒரு பையன் தலைசுற்றுகிறது என்றாலே அன்றைக்கு வெளியேதான். அழுதாலும் விடமாட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி இனிமேல் ஜர்னைல் கதையை அந்தக் கல்லூரிப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

#11 யாழ் உதைபந்து

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆள். எங்கட பக்கம் உதைபந்தாட்டம் என்றால் உயிர், ஆனால் நான் வேறொருவரை இங்கே கொண்டுவர விரும்புகிறேன். மெல்பேர்ண் 1956 என்றதும் ஞாபகம் வந்தவர்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரி மாணவன். உயரம் பாய்தல். 1952 ஹெல்சிங்கிக்குப் போகும்போது பதினெட்டு வயதும் நிறையவில்லை. 1956 மெல்பேர்ணிலும் பங்குபற்றினார். 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அதுதான். பிறகு அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, பல நாடுகளில் கல்விப் பணி செய்தார். 2024-ல் காலமானார்.

நான் சொல்ல வந்தது பதக்கத்தைப் பற்றி அல்ல. வயது போன காலத்தில் ஊருக்கு வந்து பிள்ளைகளுக்கு உயரம் பாய்தல் பழக்கியவர். என் மச்சான் ஒருவர் அந்தப் பழக்கத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். ஓடி வந்து எந்த அடியில் கால் எழும்ப வேண்டும் என்று மண்ணில் தன் விரலால் கோடு கீறிக் காட்டினாராம். பாய்ந்த பிள்ளை கோட்டைத் தாண்டி மிதித்தால் கோபிக்கவில்லை, குனிந்து கோட்டை அழித்துவிட்டு இரண்டு விரல்கடை தள்ளி மறுபடி கீறினாராம். பிள்ளைக்கு ஏற்றபடி கோடு.

#12 தடகள ரசிகை

யாழ் உதைபந்து எழுதியது கண்ணில் நிற்கிறது. அந்த வரிசையில் ஓ.எம். நம்பியாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானப்படையிலிருந்து வந்தவர், பி.டி. உஷாவின் பயிற்சியாளர்.

1984 லாஸ் ஏஞ்சலஸ். பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் அதுதான் முதல் முறை. உஷா அந்த ஓட்டத்துக்கு மாறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நூறு, இருநூறு மீட்டரில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணை, உலகத் தரத்துக்கு இதுதான் வழி என்று தடை ஓட்டத்துக்குத் திருப்பியவர் நம்பியார். ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42. நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போனது. அந்த ஓட்டத்தை நாம் எல்லாரும் உஷாவின் கண்ணீராகவே நினைவில் வைத்திருக்கிறோம். மைதானத்துக்கு வெளியே நின்ற நம்பியாரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடமே ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி. உஷாவுக்கு ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். அதே 1985-ல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கியது, முதல் வரிசையிலேயே நம்பியாருக்குக் கிடைத்தது. ஆனால் பத்மஸ்ரீ? உஷாவுக்கு 1985. நம்பியாருக்கு 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் இறந்துவிட்டார். விருது வழங்கும் விழா நவம்பரில். 36 வருடம் காத்திருந்தும் பதக்கத்தைக் கையில் வாங்கவில்லை.

#13 அம்முகூடா வாசி

அக்கா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைக்கிறது. பலராமுக்கும் அதே மாதிரிதான். உடம்பு ஒத்துழைக்காமல் 27 வயதுக்குள் ஆட்டத்தை விட்டார். நுரையீரல் கோளாறு. 1962-ல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள், அதோடு சரி. கடைசிக் காலம் ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாராவில் தனியாக. 2023 பிப்ரவரியில் இறந்தார். பி.கே., சுனி இருவரும் 2020-ல் ஒன்றரை மாத இடைவெளிக்குள் போய்விட்டார்கள். தங்கராஜ் 2008-ல் பொக்காரோவில்.

எனக்குக் கோபம் எங்கள் ஊர்மேலும் உண்டு. பலராமின் பெயரை அம்முகூடாவில் இன்றைக்குப் பந்தாடும் பத்துப் பையன்களிடம் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. ரஹீம் பெயர் இரண்டு பேருக்குத் தெரிந்தது, அதுவும் அவரைப் பற்றி வந்த சினிமாவைப் பார்த்து.

#14 கணக்குப்பிள்ளை

துரோணாச்சார்யா தொடங்கியபோது ரஹீம் இறந்து 22 வருடம். உயிரோடு இருந்த காலத்தில் பயிற்சியாளருக்கென்று நாட்டில் ஒரு விருதே இல்லை. அப்போது வாத்தியாருக்குக் கிடைத்த மரியாதை என்பது மாணவர்கள் வாயில்தான் இருந்தது.

அதில் ஒன்று சொல்கிறேன். 1970 பாங்காக்கில் இந்தியா ஜப்பானை வென்று வெண்கலம் வாங்கியது. ஆசிய விளையாட்டில் கால்பந்துக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம். அந்த அணியின் தலைவர் நயீமுதீன், ஹைதராபாத்காரர். பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி, ரஹீமின் வலதுபக்க ஆட்டக்காரர். ரஹீம் போய் ஏழு வருடம் கழித்தும் அவர் கைராசி ஓடியது. அதற்கப்புறம்தான் ஊற்று வற்றியது.

#15 வெலிங்டன் பேரன்

இறுதிப்போட்டி அன்றைய சூழ்நிலையை யாரும் எழுதவில்லையே. 1962 செப்டம்பர் 4. செனாயன் மைதானம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். தைவான், இஸ்ரேல் விவகாரத்தில் இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி, இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக்கூடாது என்று பேசியதில் ஜகார்த்தாவே கொதித்தது. முந்தின நாள் இந்தியத் தூதரகத்தையே அடித்து நொறுக்கினார்கள். மைதானத்தில் இந்தியக் கால் பந்தைத் தொட்டாலே கூச்சல். நமக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணிதான் என்று பி.கே. பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். அந்த ஊளைச் சத்தத்துக்கு நடுவில் இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல். 17-ல் பி.கே., 20-ல் ஜர்னைல்.

ஆட்டத்துக்கு முந்தின இரவு ரஹீம் பையன்களிடம், நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டாராம். அவருக்கு உடம்பு எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு முழுதாகத் தெரியாது.

தாத்தா இந்த ஆட்டத்தை ரெஜிமென்ட் கேன்டீன் ரேடியோவில் செய்தியாகத்தான் கேட்டார். தங்கராஜ் பெயர் வந்ததும் கேன்டீன்காரர் எல்லாருக்கும் இலவச டீ போட்டாராம். அந்த டீயின் ருசியை அறுபது வருடம் பேசினார்.

#16 மைதானத்துக்காரன்

எனக்கு ஒரு லட்சம் பேர் கூச்சலைவிட அந்தச் சைக்கிள்தான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது. எதிர்வீரசிங்கம் அழித்துக் கீறிய கோடும். கோச் தம்பி, உங்கள் சிவப்புத் துணிப் பையன் இப்போது எப்படி ஆடுகிறான்?

#17 வியாசை கோச்

ஐயா, இப்போது இடதுபக்கம் ஆடுகிறான்! அவனே கேட்டு மாறிக்கொண்டான். வலது காலில்தான் பலம், அது மாறாது. ஆனால் பந்து இடது பக்கம் வந்தால் இப்போது நின்று திரும்புவதில்லை. அந்த அரை வினாடி மிச்சமாகிறது. எதிரே நிற்கும் பேக் அந்த அரை வினாடியை எதிர்பார்த்துத்தான் காலை நீட்டுகிறான், ஏமாந்துபோகிறான்.

சைக்கிள் கதையைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு உறுத்தல். நாலு மாதம் முன்னால் எங்களிடம் ஒரு பையன் இருந்தான். நல்ல உயரம், கை நீளம். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். ஆர்வம் இல்லை போல என்று நினைத்து விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நேற்றுத் தேடிப் போனேன். பூட்ஸ் கிழிந்துவிட்டதாம். வீட்டில் கேட்கக் கூச்சம், என்னிடம் சொல்லவும் கூச்சம். நாலு மாதம்! ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

#18 அம்முகூடா வாசி

கோச் சார், அடுத்த வாரம் சென்னை வருகிறேன், தங்கையின் வீட்டுக்கு. இங்கே எங்கள் கிளப்பில் பழைய பூட்ஸ் எட்டு ஜோடி இருக்கிறது, ஸ்டட் தேயாதது. சைஸ் சொல்லுங்கள், எடுத்து வருகிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தால் சரியா?

#19 வியாசை கோச்

ஐந்தரைக்கே கிரவுண்டில் இருப்போம் சார். ஐந்திலிருந்து ஏழு வரை எது இருந்தாலும் ஆகும். பத்தாம் சைஸ் ஒன்று கிடைத்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள், அந்தப் பையனுக்குக் கால் பெரிது. கோலில் நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.